பீஸ் லில்லி பூக்க என்ன வேண்டும்?

வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. இலை அழகுக்காக வீட்டுக்குள் வைத்த செடி பூக்குமா? பூக்க வைக்க என்ன செய்ய வேண்டும்? அலுவலகக் கட்டடங்களில் தொட்டிச் செடிகளைப் பராமரிப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. வரவேற்பறை, லிஃப்ட் பக்கம், ஜன்னலே இல்லாத கூட்ட அறை என்று ஒரே வகைச் செடியை வெவ்வேறு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருப்பதால் இதற்கு என்னிடம் உறுதியான ஒரு பதில் உண்டு. முதல் கடிதத்திலேயே அதை விரிவாகச் சொல்லிவிடுகிறேன். எந்தச் செடிக்கு அது பொருந்தாது என்று அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: அக்கா, பீஸ் லில்லி வாங்கும்போது அதில் நிறைய வெள்ளைப் பூ இருந்தது. வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இலையெல்லாம் கரும்பச்சையாக, செழிப்பாக இருக்கிறது. பூ மட்டும் ஒன்றுகூட வரவில்லை. ஹாலில் டிவிக்குப் பக்கத்து மூலையில் வைத்திருக்கிறேன். குறைந்த வெளிச்சத்தில் வளரும் என்று தொட்டியில் ஒட்டிய சீட்டில் போட்டிருந்தது. பூக்கும் உரம் என்று ஒன்று வாங்கிப் போட்டும் பார்த்தேன். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் செடிக்கு நோய் எதுவும் இல்லை. முதலில் அந்தக் கவலையை விடுங்கள். கரும்பச்சை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், விடை அதில்தான் இருக்கிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் நிற்கும் பீஸ் லில்லி, கிடைக்கிற கொஞ்சத்தையும் விடாமல் பிடிப்பதற்காக இலையில் பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும். காம்பு நீளும். இலைகள் எல்லாம் ஒரே பக்கமாக, வெளிச்சம் வரும் திசைக்குச் சாயும். உங்கள் செடியும் அப்படிச் சாய்ந்திருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

சீட்டில் எழுதியிருந்தது பொய் இல்லை. குறைந்த வெளிச்சத்தில் பீஸ் லில்லி உயிரோடு இருக்கும், இலையும் விடும். பூப்பது வேறு விஷயம். இலை வெளிச்சத்தில் தயாரிக்கும் சர்க்கரை முதலில் செடியின் அன்றாட உயிர்ப்புக்குப் போகிறது. அடுத்தது வேருக்கும் புது இலைக்கும். அதெல்லாம் போக மிஞ்சினால்தான் பூ. டிவி மூலையில் நிற்கும் செடிக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

காட்டிலேயே இது நிழலில்தானே வளர்கிறது என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். வெப்பமண்டல மழைக்காடுகளில், பெரிய மரங்களின் அடியில், ஓடைக்கரை ஈரத்தில் வளரும் இனம் இது. அந்தத் தரைக்கு உச்சி வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் வந்து சேரும். ஆனால் உச்சி வெயில் என்பது ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). அதில் நூற்றில் ஒரு பங்கு என்றாலே 1,000 லக்ஸ் ஆகிவிடுகிறது. ஜன்னலிலிருந்து தள்ளியிருக்கும் ஹால் மூலையில் பகலிலேயே 100, 150 லக்ஸ் இருந்தால் பெரிது. காட்டு நிழலில் பத்தில் ஒரு பங்குதான் உங்கள் செடிக்குக் கிடைக்கிறது.

நம் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இருட்டான இடத்துக்குப் போனால் கண்ணின் பாவை விரிந்துகொள்ளும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் நன்றாகவே தெரியும். 'என் வீட்டில் நல்ல வெளிச்சம் இருக்கிறதே' என்று பலரும் சொல்வது அதனால்தான். வேலைக்குப் போகும்போது நான் கையில் ஒரு லக்ஸ் மீட்டர் வைத்திருப்பேன். உங்களுக்கு அது தேவையில்லை, செல்போனில் வெளிச்சம் அளக்கும் செயலி போதும். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது என்றாலும் ஓர் இடத்தையும் இன்னோர் இடத்தையும் ஒப்பிட உதவும். போனும் இல்லை என்றால் நண்பகலில் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்களின் நிழல் ஓரளவு பிரிந்து தெரிந்தால் அந்த இடத்தில் பீஸ் லில்லி பூக்கும். கை என்று தெரிகிற மாதிரி மங்கலான கறை மட்டும் விழுந்தால் இலை மட்டும்தான் வரும். நிழலே விழவில்லை என்றால் அங்கே செடி மெல்ல மெல்ல இளைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சரி, அப்படியானால் வாங்கும்போது மட்டும் அத்தனை பூ எப்படி இருந்தது? இதைப் பலரும் கேட்பதில்லை, அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. விற்பனைக்கு வளர்க்கும் பண்ணைகளில் பீஸ் லில்லிக்கு ஜிப்ரலிக் அமிலம் தெளிப்பது வழக்கம். செடிகளுக்குள்ளேயே இயற்கையாக இருக்கும் ஜிப்ரலின் வகை ஹார்மோன்களில் ஒன்றுதான் அது. ஒரு முறை தெளித்தால் இரண்டு மூன்று மாதத்தில் பருவம் பார்க்காமல் பூ வந்துவிடும், இன்னும் முழுதாக வளராத இளஞ்செடிகூடப் பூக்கும். கடையில் எந்த மாதம் போனாலும் பீஸ் லில்லி பூவோடு நிற்பதன் காரணம் அதுதான். ஆகவே அந்தப் பூக்களை வைத்து உங்கள் கைராசியையோ உங்கள் வீட்டையோ எடை போட வேண்டாம். மருந்தின் வேலை முடிந்த பிறகு செடி தன் சொந்த பலத்தில் பூக்க வேண்டியிருக்கிறது. அதற்கு இரண்டு வருஷமாக வழியில்லாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்த அமிலத்தை நாமே வாங்கித் தெளிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். அளவு ஒரு லிட்டருக்கு ஒரு கிராமில் கால் பங்கு என்கிற மாதிரி நுணுக்கமானது. கொஞ்சம் கூடினாலும் பூக்காம்பு வெலவெலவென்று நீண்டு, பூ கோணிக்கொள்ளும். அதைவிட முக்கியமாக, மிச்சம் இல்லாத செடியிடம் பூவைக் கேட்டு வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

செய்ய வேண்டியது இது. செடியை ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் கொண்டுவாருங்கள். காலை இளவெயில் ஒரு மணி நேரம் படுவதால் கெடுதல் இல்லை. மதிய வெயில் நேராக அடிக்கும் ஜன்னல் என்றால் நடுவில் மெல்லிய வெள்ளைத் திரை ஒன்று தொங்கட்டும். மூலையிலிருந்து ஒரேயடியாக ஜன்னலோரத்துக்கு மாற்றாதீர்கள். இருட்டில் பழகிய இலை வெயில் பட்டால் வெளுத்துக் கருகும், கருகிய இலை திரும்பப் பச்சையாகாது. இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஜன்னல் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கிறதா, வெளியே மரம் மறைக்கிறதா என்றும் பாருங்கள். பாதி வெளிச்சத்தை அவையே தின்றுவிடும். இலையில் படிந்த தூசியும் அப்படித்தான். ஈரத்துணியால் இலையின் இரண்டு பக்கமும் துடைத்துவிடுங்கள்.

ஜன்னலுக்கு வழியே இல்லாத வீடு என்றால் எல்.இ.டி. விளக்கு போதும். ஊதா நிறத்தில் எரிகிறதே, அதுதான் வேண்டும் என்பதில்லை. சாதாரண வெள்ளை விளக்கைச் செடியின் தலைக்கு மேல் ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்தில் பொருத்தி, தினம் 12 மணி நேரம் எரியவிடுங்கள். கூரையில் எரியும் குழல் விளக்கு கணக்கில் வராது. தூரம் கூடக்கூட வெளிச்சம் வெகுவேகமாகக் குறைந்துவிடும். ராத்திரி விளக்கை அணைத்துவிட வேண்டும். ஜன்னலே இல்லாத ஒரு கூட்ட அறையில் இப்படி விளக்கு வைத்துப் பூக்க வைத்த பீஸ் லில்லிகளை இன்னமும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் தெரியும் மாற்றம் பூ அல்ல, இலைதான். புதிதாக வரும் இலை சற்று வெளிர்பச்சையாக, குட்டைக் காம்போடு, நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்து 'செடி வெளுக்கிறதே' என்று பயந்து மறுபடி உள்ளே தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அதுதான் நல்ல அறிகுறி. அப்படிப் பல இலைகள் வந்த பிறகு ஒரு நாள் இலைக்காம்பின் உறையிலிருந்து, சுருண்ட இலை மாதிரியே ஒன்று எட்டிப் பார்க்கும். இலையைவிட ஒல்லியாக, நுனி வெளுத்து இருந்தால் அது மொட்டு. இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். பகல் நீளும் வசந்தகாலத்தில்தான் இது தானாகவே அதிகம் பூக்கும். அதற்குள் வெளிச்சத்துக்குப் பழகியிருந்தால் நல்லது.

உரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பூக்கும் உரம் என்று விற்பதில் பாஸ்பரஸ் அதிகம். வெளிச்சம் இல்லாத செடிக்கு எந்த உரமும் பூவைக் கொடுக்காது. பயன்படாத உப்பு மண்ணில் தங்கி, இலை நுனியைப் பழுப்பாக்கும். உங்கள் தொட்டியில் இப்போது அது இருக்கத்தான் செய்யும். ஆகவே ஒரு நாள் தொட்டியைக் குழாயடியில் வைத்து, அடியிலிருந்து தண்ணீர் நன்றாக வழிந்து ஓடும்வரை நிதானமாக ஊற்றி மண்ணைக் கழுவிவிடுங்கள். அப்புறம் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19-19-19 போன்ற சமச்சீர் உரத்தை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு மட்டும் கரைத்து மாதம் ஒரு முறை கொடுத்தால் போதும்.

தண்ணீர் விடாமல் வாட வைத்தால் பயந்துபோய்ப் பூக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பீஸ் லில்லியிடம் அது செல்லாது. வாடித் தொங்கும், தண்ணீர் விட்டால் ஒரு மணி நேரத்தில் நிமிரவும் செய்யும், ஆனால் ஒவ்வொரு தடவையும் வேர் நுனிகள் காய்ந்து போகின்றன. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்ததும் ஊற்றுங்கள். தொட்டியையும் இப்போது மாற்ற வேண்டாம். வேர் ஓரளவு நெருக்கமாக இருக்கும்போதுதான் இது நன்றாகப் பூக்கும். பெரிய தொட்டிக்கு மாற்றினால் அதை வேரால் நிரப்புவதிலேயே மும்முரமாகிவிடும்.

கேள்வி: எங்கள் பீஸ் லில்லி பூத்துக்கொண்டே இருக்கிறது, சந்தோஷம். ஆனால் பூ கொஞ்ச நாளில் பச்சையாகிவிடுகிறது. கீழ் இலைகளில் வெள்ளைப் பொடி வேறு கொட்டிக் கிடக்கிறது. பூச்சியா, பூஞ்சையா? வீட்டில் பூனை இருப்பதால் பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகர்

பதில்: இரண்டுமே இயல்பானவை. நாம் பூ என்று சொல்லும் அந்த வெள்ளை மடல் உண்மையில் உருமாறிய ஓர் இலை. நடுவில் சொரசொரப்பாக நிற்கும் தண்டில் நெருங்கி உட்கார்ந்திருக்கும் சின்னஞ்சிறு புள்ளிகள்தான் நிஜப் பூக்கள். அவற்றின் வேலை முடிந்ததும் மடல் மறுபடி பச்சையம் சேர்த்துக்கொண்டு இலை வேலையைப் பார்க்கத் தொடங்குகிறது. பச்சையான பூ பிடிக்கவில்லை என்றால் காம்பை அடியோடு, இலைக் கொத்துக்குள் கத்தரியை விட்டு வெட்டிவிடலாம். பாதியில் வெட்டினால் மிச்சக் காம்பு பழுப்பாக நின்று கண்ணை உறுத்தும்.

பொடி, மகரந்தம். ஈரத்துணியில் துடைத்தால் போய்விடும். கொட்டவே கூடாது என்றால் பூ விரிந்ததும் நடுத்தண்டை மட்டும் கிள்ளிவிடுங்கள். வெள்ளை மடல் அப்படியே நிற்கும். நான் வரவேற்பறைச் செடிகளில் இப்படித்தான் செய்கிறேன்.

பூனை விஷயத்தில் கவனம் தேவை. பெயரில் லில்லி இருந்தாலும் இது பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நிஜ லில்லி இனம் அல்ல. இதன் இலையிலும் காம்பிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் வாயும் நாக்கும் எரியும், எச்சில் வடியும், வாந்தி வரலாம். கடித்தது தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். தொட்டியைப் பூனைக்கு எட்டாத இடத்தில் வைப்பதுதான் நல்லது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இதையேதான் சொல்வேன்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் வீட்டு மணி பிளான்ட் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. ஜன்னல் கம்பி முழுக்கப் படர்ந்துவிட்டது. ஒரு தடவைகூடப் பூத்ததில்லை. இன்னும் வெளிச்சம் கொடுத்தால் பூக்குமா?
- ஒரு மாணவன்

பதில்: தம்பி, நல்ல கேள்வி. முதல் கடிதத்தில் நான் சொன்னது எதுவும் இந்தச் செடிக்குப் பொருந்தாது. மணி பிளான்ட்டை எவ்வளவு வெளிச்சத்தில் வைத்தாலும், எத்தனை வருஷம் வளர்த்தாலும் அது தானாகப் பூக்காது. உன் வீட்டில் மட்டும் இல்லை, உலகத்தில் எங்குமே ஏறக்குறைய அப்படித்தான்.

இது பசிபிக் பெருங்கடலில் இருக்கும் மோரியா என்ற சின்னத் தீவைச் சேர்ந்தது. அங்கிருந்து தண்டைத் தண்டை வெட்டி நட்டே வெப்பமண்டலம் முழுக்கப் பரவிவிட்டது. பூவும் விதையும் அதற்குத் தேவையே படவில்லை. தாவரவியலாளர்களுக்குத்தான் சங்கடம். ஒரு செடி எந்த இனம் என்று தீர்மானிக்கப் பூவைத்தான் பார்ப்பார்கள். 1880இல் இதை போத்தோஸ் என்ற இனத்தில் சேர்த்தார்கள். பிற்பாடு அபூர்வமாகப் பூ ஒன்று கிடைத்து, அதை ஆராய்ந்த பிறகு 1960களில்தான் எபிப்ரெம்னம் என்ற இப்போதைய இனத்துக்கு வந்து சேர்ந்தது. தானாகப் பூத்ததாக அறியப்பட்ட கடைசிப் பதிவு 1964ஆம் ஆண்டுடையது. உன் தாத்தா பாட்டி காலம்!

ஏன் பூக்கவில்லை என்பதற்கு விடை 2016இல் வெளியான ஓர் ஆய்வில் கிடைத்தது. பீஸ் லில்லிக்குப் பண்ணைகளில் தெளிக்கிறார்கள் என்று சொன்னேனே, ஜிப்ரலின், அந்த ஹார்மோனை இந்தச் செடியால் போதிய அளவு தயாரிக்க முடியவில்லை. தயாரிப்பில் ஒரு முக்கியமான படியை நடத்தும் மரபணு இதில் சரியாக வேலை செய்வதில்லை. ஆராய்ச்சியாளர்கள் வெளியிலிருந்து ஜிப்ரலினைத் தெளித்தபோது மணி பிளான்ட் பூத்தது. பூக்கத் தேவையான மற்ற எல்லாம் அதற்குள் தயாராகத்தான் இருக்கிறது, தொடங்கச் சொல்லும் சைகை மட்டும் வரவில்லை. பீஸ் லில்லியும் மணி பிளான்ட்டும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதையும் சேர்த்து யோசித்துப் பார். எனக்கு இது இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

பூவுக்குப் பதிலாக நீ வேறொன்றைப் பார்க்கலாம். மணி பிளான்ட் கீழே தொங்கினால் இலை சிறுத்துக்கொண்டே போகும், மேலே ஏறினால் பெருக்கும். ஜன்னல் கம்பி வழவழப்பானது, வேர் அதைப் பற்றாது. ஒரு முரட்டு மரப்பலகையையோ தேங்காய் நார் சுற்றிய கம்பையோ தொட்டியில் நட்டு, கொடியின் கணுக்களை அதில் படுமாறு கட்டிவிட்டு, நாரை ஈரமாக வைத்திரு. கணுவில் இருக்கும் வேர்கள் பற்றிக்கொண்டதும் அடுத்தடுத்து வரும் இலைகளின் அளவு மாறுவதை நீயே அளந்து நோட்டில் எழுதலாம். வெளியில் பெரிய மரத்தில் ஏறிய கொடியில் இலை ஒரு மீட்டர் நீளத்தை நெருங்கும், ஓரங்கள் கிழிந்த மாதிரி பிளவுபடும். அதே செடிதான் அது.

கேள்வி: குஸ்மேனியா செடியோடு ஆப்பிளை மூடி வைத்தால் பூக்கும் என்கிறார்களே, உண்மையா? மற்ற செடிகளுக்கும் செய்யலாமா?
- ஒரு வாசகி

பதில்: உண்மை. ஆனால் குஸ்மேனியா சேர்ந்த புரோமிலியாட் குடும்பத்துக்கு மட்டும். பழுத்த ஆப்பிளிலிருந்து எத்திலீன் வாயு வருகிறது, இந்தக் குடும்பத்துக்கு அதுதான் பூக்கச் சொல்லும் சைகை. அன்னாசியும் இதே குடும்பம். 19ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக் பெருங்கடலில் இருக்கும் அசோரஸ் தீவுகளில் கண்ணாடிக் கூடங்களில் அன்னாசி வளர்த்தவர்கள் உள்ளே புகை போட்டால் செடிகள் எல்லாம் ஒன்றாகப் பூப்பதைக் கண்டுகொண்டார்கள். புகையில் இருந்த எத்திலீன்தான் அந்த வேலையைச் செய்தது என்பது பின்னால் தெரிந்தது.

முதலில் செடி முழு வளர்ச்சி அடைந்திருக்க வேண்டும். தாய்ச்செடியின் அடியிலிருந்து பிரித்து நட்ட கன்று என்றால் ஏறக்குறைய தாயின் அளவுக்கு வரட்டும், அதற்கு இரண்டு மூன்று வருஷம் ஆகலாம். பிறகு நடுக்குழியில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, செடியைத் தொட்டியோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் வைத்து, மண்ணின் மேல் ஒரு பழுத்த ஆப்பிளை வைத்துக் கட்டிவிடுங்கள். ஒரு வாரம், பத்து நாள் இருக்கட்டும். அந்த நாட்களில் வெயில் படவே கூடாது, பைக்குள் செடி வெந்துவிடும். திறந்தபின் வழக்கம் போலத் தண்ணீர், வெளிச்சம். ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் நடுவில் நிறம் ஏறத் தொடங்கும்.

ஒன்றை யோசித்து முடிவெடுங்கள். புரோமிலியாட் செடிகளில் பெரும்பாலானவை ஒரு முறைதான் பூக்கும். பூத்த செடி அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் கன்றுகளை விட்டுவிட்டு வாடிப்போகும். அவசரப்படாமல் அதுவாகப் பூக்கட்டும் என்று காத்திருப்பதும் ஒரு நல்ல முடிவுதான்.

மற்ற செடிகளிடம் இதைச் செய்ய வேண்டாம். பல செடிகளுக்கு எத்திலீன் என்றால் இலை மஞ்சளாகி மொட்டு உதிர்க்கும் நேரம் என்று பொருள். மொட்டு விட்ட ஆர்க்கிட் தொட்டியைப் பழக்கூடைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

கேள்வி: ஸ்நேக் பிளான்ட்டில் திடீரென்று நீளமாக ஒரு பூத்தண்டு வந்திருக்கிறது. பூத்தால் செத்துவிடும், உடனே வெட்டு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
- ஒரு வாசகர்

பதில்: வெட்டாதீர்கள், சாகாது. பூத்தண்டு கிளம்பிய அந்த ஒரு கொத்தில் மட்டும் இனிமேல் புது இலை வராது. இருக்கும் இலைகள் வருஷக்கணக்கில் நிற்கும், மண்ணுக்குள் ஓடும் கிழங்கிலிருந்து பக்கத்தில் புதுக் கொத்துகள் கிளம்பும். தொட்டி இறுகி, வேர் நெருங்கி, நல்ல வெளிச்சத்தில் வயது முதிர்ந்த செடிதான் பூக்கும். ஆகவே உங்கள் செடி நன்றாக இருக்கிறது. ராத்திரியில் பக்கத்தில் போய்ப் பாருங்கள், இருட்டிய பிறகுதான் பூ விரிந்து மணக்கும். தண்டில் பிசுபிசுவென்று துளித்துளியாக நிற்பது தேன். தரையில் சொட்டி எறும்பு வரும் என்றால் அடியில் ஒரு தட்டு வையுங்கள். தண்டு காய்ந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: ஆந்தூரியத்தில் இலை மேல் இலையாக வருகிறது, பூ வரவில்லை. பழைய இலைகளை வெட்டிவிட்டால் பூ வருமா?
- ஒரு வாசகி

பதில்: அதைச் செய்துவிடாதீர்கள். முதிர்ந்த ஆந்தூரியத்தில் ஒவ்வோர் இலையின் கக்கத்திலும், அதாவது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், ஒரு பூவுக்கான மொட்டு இருக்கும். ஓர் இலை, ஒரு பூ என்பதுதான் அதன் முறை. இலை வந்து பூ வரவில்லை என்றால், உள்ளே உருவான மொட்டு வளர வழியில்லாமல் அங்கேயே நின்றுவிட்டது. இலைக்காம்பின் அடியை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள், சில நேரம் அரிசி அளவில் காய்ந்த மொட்டு தெரியும். காரணம் பெரும்பாலும் வெளிச்சம்தான். பீஸ் லில்லிக்குச் சொன்னதைவிட ஒரு படி அதிகமாகவே இதற்கு வேண்டும். பச்சை இலைகளை வெட்டினால் செடியின் வருமானத்தையே வெட்டுகிறீர்கள். மஞ்சளானதை மட்டும் எடுங்கள். இடம் மாற்றிய பிறகு வரும் புது இலைகளின் கக்கத்தைக் கவனியுங்கள், பழைய இலைகளில் தவறிப்போன மொட்டு திரும்ப வராது.

கேள்வி: இதய வடிவ இலை கொண்ட ஹோயா ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். சின்னத் தொட்டியில் ஒற்றை இலை நிற்கிறது. நீண்ட நாளாகியும் இரண்டாவது இலைகூட வரவில்லை. ஹோயா கொத்துக் கொத்தாகப் பூக்கும் என்று படித்தேன். இது எப்போது பூக்கும்?
- ஒரு வாசகி

பதில்: பரிசாக வந்தது என்பதால் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். தண்டுத் துண்டு இல்லாமல் இலையை மட்டும் நட்டிருந்தால் அது வேர் விடும், வருஷக்கணக்கில் பச்சையாக இருக்கும், கொடியாக மட்டும் ஆகாது. புதுத் தளிர் கணுவிலிருந்துதான் கிளம்ப வேண்டும், இலையில் கணு கிடையாது. மேல்மண்ணை விரலால் மெல்ல ஒதுக்கிக் காம்பின் அடியைப் பாருங்கள். சின்னதாகத் தண்டுத் துண்டு ஒட்டியிருந்தால் நம்பிக்கையோடு காத்திருக்கலாம். இல்லையென்றால் அந்த இலையை இலையாகவே வைத்து ரசியுங்கள், அப்படியும் அது அழகுதான்.

பூ வேண்டும் என்றால் இரண்டு மூன்று கணுவாவது உள்ள ஒரு கொடித்துண்டு வாங்குங்கள். ஜன்னலோரத்து நல்ல வெளிச்சம், சின்னத் தொட்டி, மண் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர். இலையே இல்லாமல் நீண்டு துழாவும் கொடி நுனிகளை வெட்டாதீர்கள், இலையும் பூவும் பிறகு அதில் வரும். மொட்டுக் கொத்து தெரிந்ததும் தொட்டியை இடம் மாற்றவோ திருப்பவோ வேண்டாம், உதிர்ந்துவிடும். பூ வாடியதும் இதழ்களை மட்டும் உதிரவிட்டு, கொத்தைத் தாங்கிய குட்டைக் காம்பை அப்படியே விட்டுவையுங்கள். ஹோயா அடுத்த முறையும் அதே காம்பின் நுனியிலிருந்துதான் பூக்கும்.